எண்ணிப் பார்த்த ஊர்: லண்டன், சில எண்கள்

லண்டன்னு சொன்னதும் பொது அறிவுப் புத்தகங்கள்ல வர்ற எண்கள் சிலது இருக்கு. பாதாள ரயில் ஓட ஆரம்பிச்சது 1863 ஜனவரி 10. இன்னைக்கு அதுல 272 நிலையங்கள். பேர்தான் பாதாள ரயில், பாதிக்கு மேல தரைக்கு மேலதான் ஓடுது. கறுப்பு டாக்சி ஓட்ட லைசென்ஸ் வேணும்னா, சேரிங் கிராஸ்லேர்ந்து ஆறு மைலுக்குள்ள இருக்கிற சுமார் 25,000 தெருக்கள் தலைக்குள்ள இருக்கணும். 2021 கணக்கெடுப்புப்படி மாநகர மக்கள்தொகை கிட்டத்தட்ட 88 லட்சம். ஆனா 'சிட்டி ஆஃப் லண்டன்'னு தனியா ஒரு சதுர மைல் சொச்சம் இருக்கு பாருங்க, பழைய லண்டன், அதுக்குள்ள குடியிருக்கிறவங்க 8,600 பேர்கூட இல்ல. நம்ம ஊர் பெரிய அபார்ட்மென்ட் ரெண்டு மூணு சேர்த்தா அதைத் தாண்டிடும் :-)

இந்த மாதிரி எண்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்கூல்ல க்விஸ் டீம்ல இருந்த தோஷம். ஆனா இந்தப் பதிவு அந்த எண்களைப் பற்றியது இல்லீங்க. ப்ராஜெக்ட் வேலையா சில மாசம் லண்டன்ல இருந்தப்ப வார இறுதிகள்ல சுத்தித் திரிஞ்சதுல வேற ஒரு வரிசை எண்கள் கண்ணுல பட்டுச்சு. எல்லாமே செத்தவங்களை எண்ணின கணக்கு. பயந்துடாதீங்க. படிச்சு முடிச்சதும் உங்களுக்கும் அந்த ஊர் கொஞ்சம் வேற மாதிரி தெரியும்னு நினைக்கிறேன்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

311

லண்டன் பாலத்துக்குப் பக்கத்துல 'மான்யுமென்ட்'னு ஒரு கல்தூண். 1666 பெரும் தீயோட நினைவா 1671லேர்ந்து 1677 வரைக்கும் கட்டினாங்க. கிறிஸ்டோபர் ரென்னும் ராபர்ட் ஹூக்கும் சேர்ந்து வடிவமைச்சது. உயரம் 202 அடி. ஏன் 202? தீ ஆரம்பிச்ச புட்டிங் லேன் பேக்கரி அங்கிருந்து சரியா 202 அடி தூரம். தூணைப் படுக்க வெச்சா உச்சி பேக்கரி அடுப்புல போய் முட்டும். நம்ம ஹூக் சார் இன்னும் ஒரு படி மேல போய், தூணோட நடுவுல இருக்கிற வெற்றிடத்தை வானத்தைப் பார்க்கிற தொலைநோக்கியா பயன்படுத்தலாம்னு திட்டம் போட்டிருக்கார். வண்டி மாடு போற அதிர்ச்சியில அது சரிப்பட்டு வரல.

உள்ள 311 படி. சுழல் படிக்கட்டு. ஏறி இறங்கினா ஒரு சர்டிஃபிகேட் தர்றாங்க. மூச்சு வாங்க அதை வாங்கிட்டு வெளிய வந்து, அடித்தளத்தைச் சுத்தி இருக்கிற கல்வெட்டை எல்லாம் பார்த்துக்கிட்டு இருந்தேன். தீ நாலு நாள் எரிஞ்சது. 13,200 வீடு, 87 தேவாலயம், கூடவே செயின்ட் பால் பேராலயம் சாம்பல். இதெல்லாம் கணக்கு இருக்கு. செத்தவங்க எத்தனை பேர்?

6

ஆமாங்க, ஆறு. பதிவான சாவுகள்னு சரித்திரப் புத்தகங்கள்ல திரும்பத் திரும்ப வர்றது இந்த ஒற்றை இலக்கம்தான். மரவீடுகள் நெருக்கியடிச்சு நின்ன ஊர்ல நாலு நாள் தீ எரிஞ்சு ஆறே பேரா? வீட்டுக்குக் கணக்கு சரியா இருக்கு, ஏன்னா வீட்டுக்குச் சொந்தக்காரன் இருக்கான், வாடகை இருக்கு, கோர்ட்டு இருக்கு. பேர் தெரியாத வேலைக்காரன், கூலிக்காரன், தெருவோரம் படுக்கிறவன், இவங்களுக்கு யார் கணக்கு வெச்சா? எலும்புகூட மிஞ்சாத சூட்டுல எரிஞ்சிருந்தா எண்ணுறதுக்கும் ஒண்ணும் இருந்திருக்காது.

இதுல ஒரு கொடுமை, தீ வெச்சது நான்தான்னு சொன்ன ராபர்ட் ஹ்யூபர்ட்ங்கிற பிரெஞ்சுக்காரரைத் தூக்குல போட்டாங்க. அப்புறம்தான் தெரியுது, தீ பிடிச்சு ரெண்டு நாள் கழிச்சுத்தான் அந்த ஆள் லண்டனுக்கே வந்திருக்கார். 1681ல கத்தோலிக்கர்கள்தான் தீ வெச்சாங்கன்னு மான்யுமென்ட்ல ஒரு வரியைச் செதுக்கி, அதை ஒரேயடியா அழிக்க 1830 வரைக்கும் ஆயிடுச்சு. தப்பான காரணத்தைக் கல்லுல வெட்டி வெச்சா எடுக்கிறது அவ்வளவு கஷ்டம்.

ஆனா சாவை எண்ணத் தெரியாத ஊர் இல்ல அது. அதுக்கு அறுபது வருஷம் முன்னாடியே லண்டன் எண்ண ஆரம்பிச்சிடுச்சு.

470

1603லேர்ந்து லண்டன்ல வாராவாரம் 'சாவுப் பட்டியல்' அச்சாகி வந்துச்சு. வியாழக்கிழமை ஆனா போதும், விலைக்குக் கிடைக்கும். ஒவ்வொரு பேட்டையிலும் இந்த வாரம் எத்தனை பேரைப் புதைச்சாங்க, அதுல பிளேக் எத்தனைன்னு இருக்கும். ஆரம்பிச்சது நல்ல எண்ணத்துல மட்டும் இல்ல. பிளேக் எண்ணிக்கை ஏறுதுன்னா பணக்காரங்க மூட்டை கட்டிட்டு ஊரைவிட்டுக் கிளம்பலாமே! இன்னைக்கு நாம செல்போன்ல மழை வருமான்னு பார்க்கிற மாதிரி அன்னைக்கு அது.

சாவுக்குக் காரணம் என்னன்னு முடிவு பண்ணினது டாக்டர் இல்ல. 'தேடுபவர்கள்'னு வேலைக்கு வெச்ச ஏழைக் கிழவிகள். பிணத்தைப் பார்த்துட்டு வந்து அவங்க சொல்றதுதான் காரணம். 1632ம் வருஷப் பட்டியல் ரொம்பப் பிரசித்தம். 'பல்' - 470 பேர். (பல் முளைக்கிற பருவத்துல செத்த குழந்தைங்க.) 'துக்கம்' - 11 பேர். 'கோள்' - 13 பேர். கிரகம் தாக்கிச் செத்தாங்களாம்! சிரிப்பு வருது இல்ல? எனக்கும் வந்துச்சு. அப்புறம் எங்க ப்ராஜெக்ட் ஞாபகம் வந்து சிரிப்பு நின்னுடுச்சு. ஒரு பிரச்னையை மூடும்போது காரணம்னு ஒரு கட்டம் நிரப்பணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நாங்க எல்லாரும் தேர்ந்தெடுக்கிற காரணம் 'மற்றவை'. கோள் தாக்கிச்சுன்னு எழுதினவங்களுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்லீங்க.

3,84,000

இந்தக் காகிதங்களை எல்லாரும் படிச்சாங்க, தூக்கிப் போட்டாங்க. ஒரே ஒரு ஆள் மட்டும் பழைய பட்டியல்களை எல்லாம் சேர்த்து வெச்சுக் கூட்டிக் கழிச்சுப் பார்த்தார். பேர் ஜான் கிரான்ட். விஞ்ஞானியோ டாக்டரோ இல்ல. பொத்தான், நூல், ஊசி மாதிரி சில்லறைச் சாமான் வியாபாரி. கணக்குப் புள்ளி! 1662ல அவர் போட்ட சின்னப் புத்தகத்துலேர்ந்துதான் மக்கள்தொகை இயல்ங்கிற துறையே பிறந்துச்சுன்னு சொல்லலாம்.

அப்ப லண்டன்ல பல லட்சம் இல்ல, பத்து லட்சக் கணக்குல ஜனம் இருக்குன்னு ஆளாளுக்கு அடிச்சு விட்டுக்கிட்டு இருந்தாங்க. கிரான்ட் பிறப்பு, இறப்பு, குடும்பம்னு கணக்குப் போட்டு 3,84,000னு சொன்னார். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் கொஞ்சம் அதிகமாப் பிறக்குதுன்னு எண்ணிக் காட்டினதும் அவர்தான். இன்னொரு அட்டவணை போட்டார். நூறு உயிரை எடுத்துக்கிட்டா 36 பேர் ஆறு வயசுக்குள்ள காலி. 16 வயசைத் தொடுறவங்க 40. 26ஐத் தொடுறவங்க 25. 76 வயசைப் பார்க்கிறது ஒரே ஒருத்தர். நடு எண்கள் பாதி ஊகம்தான். ஆனா இன்னைக்கு இன்சூரன்ஸ்காரர் உங்க வயசைக் கேட்டு பிரீமியம் சொல்றாரே, அதோட கொள்ளுத்தாத்தா இந்த அட்டவணை.

எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்சது வேற. தன்னோட டேட்டாவையே அவர் நம்பல! 'பிரெஞ்சு நோய்'னு (மேகநோய்தான்) செத்தவங்க எண்ணிக்கை ஏன் இவ்வளவு கம்மின்னு சந்தேகப்பட்டு விசாரிச்சார். தேடுற கிழவிக்கு ஒரு குவளை பீரும் வழக்கமான கூலியில ரெண்டு மடங்கும் கொடுத்தா, அவமானமான நோய் வேற பேர்ல பதிவாயிடுதுன்னு புத்தகத்துலயே எழுதி வெச்சார். எண் பொய் சொல்லாதுன்னு நாம சொல்றோம். எண்ணை எழுதுறவங்க கை சொல்லுமேன்னு அவர் 1662லயே சொல்லிட்டார்.

இவ்வளவு பண்ணின மனுஷன் வீடு நாலு வருஷம் கழிச்சு அந்தப் பெரும் தீயிலேயே எரிஞ்சு போச்சு. 1674ல வறுமையில செத்தார்.

68,596

தீக்கு முந்தின வருஷம், 1665. பெரும் பிளேக். அந்த வருஷப் பட்டியல்ல பிளேக்னு பதிவானது 68,596. உண்மையில லட்சத்தைத் தொட்டிருக்கும்னு சரித்திர ஆசிரியர்கள் சொல்றாங்க. மிச்சம் எங்க போச்சு?

விடை சட்டத்துலயே இருக்கு. ஒரு வீட்டுல பிளேக்னு பதிவாச்சுன்னா, கதவுல சிவப்புச் சிலுவை போட்டு, நல்லா இருக்கிறவங்களையும் உள்ள வெச்சுப் பூட்டிடுவாங்க. நாற்பது நாள். வாசல்ல காவல். அப்ப யார்தான் பிளேக்னு சொல்லுவா? காய்ச்சல்னு சொன்னா உயிரோட இருக்கிறவங்களாவது தப்பிக்கலாம். ஆக, உண்மையைச் சொன்னவனுக்குத் தண்டனை, பொய் சொன்னவனுக்கு விடுதலை.

சாமுவேல் பீப்ஸ்னு ஒரு கடற்படை அதிகாரி நாட்குறிப்பு எழுதி வெச்சிருக்கார். 1665 ஆகஸ்ட் 31ம் தேதிக் குறிப்புல, இந்த வாரம் பிளேக்ல பதிவானது 6,102, ஆனா செத்தது பத்தாயிரத்துக்கிட்ட இருக்கும்னு பயப்படுறாங்கன்னு எழுதறார். காரணமும் சொல்றார். ஒண்ணு, ஏழைங்க கணக்கு வழக்கில்லாமச் சாகிறதால கவனிக்க முடியல. ரெண்டு, மாற்றுப் பிரிவுக் கிறிஸ்தவங்க தேவாலய மணி அடிக்க விடறதில்ல. மணி அடிச்சாத்தான் பதிவு. அவங்க மதம் வேற, அதனால அவங்க சாவு கணக்குலயே வரல.

616

இனி ஒரே தாவா 1854க்குப் போவோம். அதுக்குள்ள கிழவிகள் காலம் மலையேறி, 1837லேர்ந்து அரசாங்கமே இறப்பைப் பதிவு பண்ணுது. அந்த ஆபீஸ்ல புள்ளிவிவரம் பார்த்தவர் டாக்டர் வில்லியம் ஃபார். தங்கமான ஆளு. ஆனா காலரா கெட்ட காற்றால வருதுன்னு நம்பினார். அதுக்கு ஆதாரமும் வெச்சிருந்தார். 1849 காலராவுல தேம்ஸ் மட்டத்துக்குப் பக்கத்துல தாழ்வா இருக்கிற பகுதியில சாவு ரொம்ப அதிகம், மேட்டுல கம்மி. வரைபடம் போட்டா கச்சிதமாப் பொருந்தும். எண் சரி, முடிவு தப்பு! தாழ்வான பகுதி குடிச்சது சாக்கடை கலந்த ஆற்றுத் தண்ணி. அதை அவர் அப்ப பார்க்கல.

பார்த்தவர் ஜான் ஸ்னோ. 1854 ஆகஸ்ட் 31 ராத்திரி சோஹோ பகுதியில காலரா வெடிச்சது. மூணே நாள்ல பிராட் தெரு சுற்றுவட்டாரத்துல 127 பேர். கடைசியில மொத்தம் 616. ஸ்னோ ஃபார்கிட்டேர்ந்து செத்தவங்க பட்டியலை வாங்கி, வீடு வீடாப் போய் 'எந்தத் தண்ணி குடிச்சீங்க?'ன்னு கேட்டார். எல்லாம் பிராட் தெரு அடிபம்பைச் சுத்தியே நின்னுச்சு.

நம்மளா இருந்தா அங்கேயே முடிச்சிருப்போம். அவர் விதிவிலக்கைத் தேடினார். பக்கத்துலயே ஏழைகள் விடுதி, 535 பேர், செத்தது 5 பேர்தான். ஏன்? அவங்களுக்குச் சொந்தக் கிணறு. பக்கத்துல பீர் ஆலை, எழுபதுக்கும் மேல ஆளுங்க, ஒருத்தரும் சாகல. ஏன்? அவங்க குடிச்சது பீர் :-) பல மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்ல ஒரு விதவை அம்மா மட்டும் செத்துப் போயிருக்காங்க. விசாரிச்சா, அந்தப் பம்ப் தண்ணி ருசி பிடிச்சுப் போய் தினமும் வண்டியில வரவழைச்சிருக்காங்க. செப்டம்பர் 8, பம்ப்போட கைப்பிடியைக் கழட்டினாங்க.

அதால மட்டும் காலரா நின்னுடல. ஜனங்க ஏற்கெனவே பயந்து ஓடியிருந்தாங்க, நோயும் தணிஞ்சுக்கிட்டு வந்துச்சு. இதை ஸ்னோவே ஒத்துக்கிட்டார். அதைவிடப் பெரிய ஆதாரம் ஒண்ணு தென் லண்டன்ல இருந்துச்சு. ரெண்டு கம்பெனி ஒரே தெருவுல பக்கத்துப் பக்கத்து வீட்டுக்குத் தண்ணி விடுது. ஒண்ணு ஊருக்கு மேல, சாக்கடை கலக்காத இடத்துல ஆற்றுத் தண்ணி எடுக்குது. இன்னொண்ணு ஊருக்குள்ளயே எடுக்குது. 10,000 வீட்டுக்கு முதல் கம்பெனியில சாவு 37. ரெண்டாவதுல 315. காற்று ஒண்ணுதான், தெரு ஒண்ணுதான். தண்ணி மட்டும் வேற.

இதையும் அன்னைக்கு அதிகாரிகள் ஏத்துக்கல. பம்ப்புக்குக் கைப்பிடியும் திரும்ப வந்துச்சு. ஸ்னோவோட கருத்து தப்புன்னு காட்டக் கிளம்பினவர் அந்தப் பேட்டையோட பாதிரியார் ஹென்றி வைட்ஹெட். வீடு வீடா ஏறி இறங்கி, கடைசியில ஸ்னோ சொன்னதுதான் சரின்னு அவரே நிரூபிச்சார்! இறப்புப் பதிவேட்டைப் புரட்டும்போது 40ம் நம்பர் வீட்டுல ஒரு கைக்குழந்தை வயிற்றுப்போக்குல செத்தது கண்ணுல பட்டுச்சு. அந்தத் தாய் துணி அலசின தண்ணியைக் கொட்டின தொட்டி கிணத்துலேர்ந்து மூணடி தூரம்கூட இல்ல. தொட்டிச் சுவர் இடிஞ்சு கசிஞ்சிருந்தது. பதிவேட்டுல அந்தக் குழந்தைக்கு ஒரு வரி இல்லாமப் போயிருந்தா இந்தக் கதைக்கு ஆரம்பமே தெரிஞ்சிருக்காது.

இன்னைக்கு அந்த இடத்துல ஒரு மாதிரிப் பம்ப் நிக்குது. பக்கத்துல ஜான் ஸ்னோ பேர்ல ஒரு மதுக்கடை. ஸ்னோ பெரும்பாலும் மதுவைத் தொடாத மனுஷன். நம்ம ஊர் சிலை வைக்கிற ராசி அங்கயும் இருக்கு போல.

18

எண் சரியா இருந்தா அரசாங்கம் நகரும்னு நாம நினைக்கிறோம். இந்த வரிசையைப் பாருங்க. லண்டன்ல காலராவுக்குச் செத்தவங்க: 1832ல 6,536. 1848-49ல 14,137. 1853-54ல 10,738. கமிட்டி போட்டாங்க, அறிக்கை எழுதினாங்க, யார் செலவுன்னு சண்டை போட்டாங்க.

1858 கோடை. நல்ல வெயில். ஊர்ச் சாக்கடை மொத்தமும் கலக்குற தேம்ஸ் நாற ஆரம்பிச்சது. நாற்றம்னா சாதாரண நாற்றம் இல்ல. நாடாளுமன்றம் இருக்கிறது ஆற்றங்கரையிலேயே. சுண்ணாம்புக் குளோரைடுல திரைச்சீலையை நனைச்சு ஜன்னல்ல தொங்க விட்டும் உறுப்பினர்களால உட்கார முடியல. மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடினாங்க. விளைவு? மசோதா கொண்டுவந்து சட்டமாகிறதுக்கு 18 நாள்!

14,137 பிணத்தால நடக்காதது மூக்கால நடந்துச்சு. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்ப உறுத்துறது இந்த எண்தான்.

அப்புறம் ஜோசஃப் பாசல்ஜெட்ங்கிற எஞ்சினியர் 82 மைலுக்குப் பெரிய சாக்கடைச் சுரங்கங்களைக் கட்டி, கழிவை ஊருக்குக் கிழக்கே கொண்டுபோனார். 31 கோடிக்கும் மேல செங்கல். 1866ல காலரா திரும்ப வந்தப்ப செத்த 5,596 பேரும் பெரும்பாலும் கிழக்கு லண்டன், அதாவது சுரங்கம் இன்னும் போய்ச் சேராத பகுதி. இந்தத் தடவை கெட்ட காற்றுக் கட்சி ஃபாரே தண்ணியைத்தான் குற்றம் சாட்டினார். தப்பு பண்ணினவர் தன் எண்ணாலேயே திருந்தினது அழகு. ஆனா அதைப் பார்க்க ஸ்னோ இல்ல. நாற்றம் அடிச்ச அதே 1858 ஜூன்ல, 45 வயசுல, செத்துட்டார். அதுக்கப்புறம் லண்டன்ல பெரிய காலரா வரவேயில்ல.

1 பவுண்டு

இதே லண்டன்லேர்ந்துதானே அப்ப நம்மளையும் ஆண்டாங்க. சுரங்கங்களோட பெரும் பகுதி முடிஞ்ச சூட்டோட, 1876-78ல நம்ம ஊர்ல தாது வருஷப் பஞ்சம். செலவைக் குறைக்க வைஸ்ராய் அனுப்பின ரிச்சர்ட் டெம்பிள், 1877 ஜனவரியில நிவாரண வேலை செய்யற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும்னு குறைச்சார். ஒரு பவுண்டுன்னா சுமார் 450 கிராம். நாள் முழுக்க மண் வெட்டற ஆளுக்கு! சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர் வாழப் போதாதுன்னு விடாம எதிர்த்து எழுதினார். சில மாசத்துல அளவு ஏறிச்சு. அதுக்குள்ள போனது போனதுதான். அந்தப் பஞ்சத்துல இந்தியாவுல செத்தவங்க ஐம்பது லட்சத்துக்கும் மேலன்னு மதிப்பிடறாங்க. ஆறா, ஆயிரமான்னு இல்ல, லட்சக்கணக்குல தோராயம்.

எண்ணத் தெரிஞ்சவங்கதான் அவங்க. ஆனா அந்த நாற்றம் தேம்ஸ் வரைக்கும் வீசல.

12,000

1952 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. லண்டன்ல கரிப்புகையும் பனியும் சேர்ந்து இறங்கி அஞ்சு நாள் நகரல. அரங்கத்துக்குள்ள புகை புகுந்து ஒரு இசை நாடகத்தைப் பாதியில நிறுத்தினாங்க. கண்காட்சிக்கு வந்த மாடுகள் மூச்சு முட்டிச் செத்துச்சு. விசித்திரம் என்னன்னா, மனுஷங்க சாகிறது உடனே யாருக்கும் தெரியல. சவப்பெட்டியும் பூவும் தட்டுப்பாடு ஆனப்புறம்தான் உறைச்சது. வழக்கத்தைவிட எத்தனை பேர் கூடுதல்னு கணக்குப் போட்டப்ப சுமார் 4,000.

ஆனா புகை போனப்புறமும் 1953 ஆரம்ப மாசங்கள்ல சாவு குறையல. அந்தக் கூடுதலை எல்லாம் அரசாங்கம் 'இன்ஃப்ளூயன்சா' கட்டத்துல போட்டுச்சு. இந்த நூற்றாண்டு ஆரம்பத்துல ஆய்வாளர்கள் அதே கணக்கைத் திரும்ப அலசினப்ப, அவ்வளவு பேரைக் கொல்ற அளவுக்கு அந்த வருஷம் ஃப்ளூ இல்லைன்னு தெரிஞ்சது. புது மதிப்பீடு சுமார் 12,000. ஒரு கட்டம் மாறினதுல எட்டாயிரம் பேர் ஐம்பது வருஷம் காணாமப் போயிருந்தாங்க. நல்லவேளை, பதிவான நாலாயிரமே 1956ல தூய காற்றுச் சட்டம் வரப் போதுமானதா இருந்துச்சு.

1

கடைசி எண்.

தென்கிழக்கு லண்டன்ல நெரிசலான ஒரு பெரிய சாலைக்குப் பக்கத்துல குடியிருந்த ஒரு சின்னப் பொண்ணு. கடுமையான ஆஸ்துமா. மறுபடி மறுபடி ஆஸ்பத்திரி. 2013 பிப்ரவரியில செத்துப் போனப்ப வயசு 9. முதல் விசாரணையில மூச்சுத் திணறல்னு எழுதி முடிச்சாங்க. அவங்க அம்மா விடல. அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களையும் அங்க காற்று அளவிட்ட எண்களையும் பக்கத்துல வெச்சுப் பார்த்த நிபுணர் ஒருத்தர் அறிக்கை கொடுத்தார். அதை வெச்சுப் போராடி 2019ல பழைய தீர்ப்பை ரத்து பண்ண வெச்சாங்க. 2020 டிசம்பர்ல புதுத் தீர்ப்பு: இறப்புக்கான காரணங்கள்ல காற்று மாசும் ஒண்ணு. பிரிட்டன்ல ஒருத்தரோட இறப்புச் சான்றிதழ்ல அப்படிப் பதிவானது அதுதான் முதல் தடவை.

முதல் தடவைன்னா முதல் சாவுன்னா அர்த்தம்? 1952ல செத்த அத்தனை பேருக்கும் அந்தக் கட்டத்துல வேற ஏதோதானே எழுதியிருப்பாங்க. பல், துக்கம், கோள், காய்ச்சல், ஃப்ளூ... நானூறு வருஷமா எழுதிக்கிட்டு வந்த பட்டியல்ல ஒரு புது வார்த்தையைச் சேர்க்க ஒரு தாய்க்கு ஏழு வருஷத்துக்கு மேல ஆச்சு.

லண்டனைப் புகழறதுக்காகவோ திட்டறதுக்காகவோ இதை எழுதலீங்க. அந்த ஊர் எண்ணிச்சு. எண்ணினதாலதான் சாக்கடையும் சுரங்கமும் சுத்தமான காற்றும் கொஞ்சமாவது வந்துச்சு. அதே சமயம் ஒவ்வொரு எண்ணுலயும் யாரோ விடுபட்டிருக்காங்க. தெருவோரம் படுத்தவன், மணி அடிக்க விடாதவன், சிலுவைக்குப் பயந்து காய்ச்சல்னு சொன்னவன், கடல் தாண்டி மண் வெட்டினவன். பொத்தான் வியாபாரி கிரான்ட் கேட்ட கேள்வியைத்தான் நாமளும் கேக்கணும்: இந்த எண்ணை எழுதினது யார், எழுதினவருக்கு யாரு பீர் வாங்கிக் கொடுத்தா?

ஊருக்குத் திரும்பினப்புறம் ஒரு சின்ன மாற்றம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தக் காரணக் கட்டம் வந்தா இப்பல்லாம் 'மற்றவை' போடறதில்ல. பத்து நிமிஷம் லேட்டானாலும் உண்மையான காரணத்தைத் தேடிப் போட்டுட்டுத்தான் கிளம்பறேன். டீம்ல கேலி பண்றாங்க. பரவால்ல :-)

311 படி ஏறின சர்டிஃபிகேட் மேசை மேலதான் இருக்கு. நீங்க யாராவது லண்டன் போனா ஏறிப் பாருங்க. ஏறும்போது படியை எண்ணுங்க. எனக்கு நடுவுல கணக்கு விட்டுப் போச்சு.

உங்க ஊர்லயும் எண்ணின கணக்கு, எண்ணாம விட்ட கணக்குன்னு ஏதாவது இருக்குமே. தெரிஞ்சவங்க எழுதுங்க மக்களே.